அர்டுயினோவை வைத்துத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் எளிய சென்சாரை நாமே செய்வது எப்படி?

தொட்டிக்குள் வெவ்வேறு உயரங்களில் நான்கு கம்பிகளையும், அடி வரை போகும் ஒரு பொதுக் கம்பியையும் தொங்கவிட்டு, தண்ணீர் எந்தக் கம்பி வரை தொட்டு அதைப் பொதுக் கம்பியோடு இணைக்கிறது என்று அர்டுயினோவால் (நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணு போர்டு) பார்த்தால் போதும். அவ்வளவுதான் சென்சார். ஆனால் அது பல மாதம் உழைக்க வேண்டும் என்றால், கம்பிகளில் எந்நேரமும் மின்சாரம் ஓடக் கூடாது.

நான் முதலில் செய்தபோது இது எனக்குத் தெரியாது. செம்பு ஒயரின் முனைகளைச் சீவி, அடியில் இருந்த பொதுக் கம்பிக்கு 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் அருமையாக வேலை செய்தது. சில வாரங்களில், தொட்டி நிறைந்திருக்கும்போதே காலி என்று காட்டத் தொடங்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. பொதுக் கம்பியில் பாதியைக் காணோம். தண்ணீருக்குள் ஒரே திசையில் மின்சாரம் ஓடும்போது மின்பகுப்பு நடக்கிறது. நேர்மின் பக்கத்து உலோகம் அயனியாகக் கரைந்து போகிறது. சீப்புப் பல் மாதிரி கோடுகள் போட்டு ரெடிமேடாக வரும் சிறிய சிவப்பு சென்சாரும் தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் இப்படித்தான் அரித்துப் போகும்.

சரி, எப்படிச் செய்வது? செம்புக்குப் பதில் எவர்சில்வர் கம்பி அல்லது நீளமான எவர்சில்வர் போல்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் கம்பி தொட்டியின் அடி வரை போக வேண்டும். மற்ற நான்கும் கால், அரை, முக்கால், முழுசு என்ற உயரங்களில் நிற்கட்டும். கடைசி இரண்டு சென்டிமீட்டரைத் தவிர மீதியை எல்லாம் இன்சுலேஷனால் மூடிவிடுங்கள். கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டாமல் விலக்கி நிறுத்துவது முக்கியம். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கிய பிறகும் இடையில் நிற்கும் ஈரமே பாலமாகி, தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டும்.

அர்டுயினோ ஊனோ போர்டில் நான்கு கம்பிகளையும் ஏ0 முதல் ஏ3 வரையிலான பின்களில் இணையுங்கள். பொதுக் கம்பி 7ஆம் பின்னுக்குப் போகட்டும். ஒவ்வொரு கம்பிக்கும் அதன் பின்னுக்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் பின்களுக்குப் பாதுகாப்பு. சும்மா இருக்கும் நேரத்தில் ஐந்து பின்களும் அவுட்புட், லோ (அதாவது 0 வோல்ட்). எங்கும் மின்னழுத்த வேறுபாடு இல்லாததால் மின்சாரமும் ஓடாது. அளக்கும்போது மட்டும் நான்கையும் இன்புட் புல்-அப் நிலைக்கு (போர்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு இணைந்து மின்னழுத்தத்தைப் படிக்கும் நிலை) மாற்றி, 10 மில்லி நொடிக்குள் படித்துவிட்டு, மறுபடி லோவாக்கிவிடுங்கள். 10 நொடிக்கு ஒருமுறை அளந்தால், நாள் முழுக்கக் கூட்டினாலும் கம்பியில் மின்சாரம் ஓடுவது 86 நொடிதான். முன்பு 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது! இன்னும் நீண்ட ஆயுள் வேண்டுமானால், அளந்து முடித்ததும் பொதுக் கம்பியைப் புல்-அப் ஆக்கி, அதே அளவு நேரம் எதிர்த்திசையில் மின்சாரத்தை ஓடவிடலாம்.

படிப்பதற்கு, ஹை அல்லது லோ என்று மட்டும் சொல்லும் டிஜிட்டல் ரீட் வேண்டாம். போர்டுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தால் அதன் மின்தடையும் கூடிவிடும். அப்போது மின்னழுத்தம் லோ என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்காது. அனலாக் ரீட் பயன்படுத்தினால் 0 முதல் 1023 வரை எண்ணாகவே கிடைக்கும். காய்ந்த கம்பி 1023க்குப் பக்கத்தில் காட்டும், நனைந்தது நன்றாக இறங்கும். உங்கள் தண்ணீரில் இரண்டு நிலையையும் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் திரை) பார்த்துவிட்டு, நடுவில் ஓர் எண்ணை எல்லையாக வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் நிரலில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது வேறு ஒருவருடைய தண்ணீருக்கானது.

குடிநீர்த் தொட்டி என்றால் நான் கம்பி முறையையே சொல்ல மாட்டேன். உலோகம் கரைவது குறையுமே தவிர, முழுதாக நிற்காது. அங்கே மேலிருந்து ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார்தான் சரி. எதிரொலி திரும்பி வர ஆகும் மைக்ரோ நொடிகளை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம் கிடைத்துவிடும். மூடிய தொட்டிக்குள் ஆவி படியும் என்பதால் நீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வகைக்கு மிக அருகில் இருப்பது தெரியாது. முழு நீர்மட்டத்துக்கு மேல் 25 சென்டிமீட்டராவது இடம் விட்டுப் பொருத்த வேண்டும்.

அப்புறம், எல்லோரும் அடுத்து கேட்பது மோட்டாரைத் தானாக ஓடவைப்பது பற்றித்தான். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ஒயர் அறுந்தாலும், முனையில் உப்புப் படிந்தாலும், இந்த சென்சார் 'தண்ணீர் இல்லை' என்றுதான் சொல்லும். மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நிரலில் இரண்டு காவல் வையுங்கள். முக்கால் கம்பி நனைந்து அரைக் கம்பி காய்ந்திருந்தால், அது நடக்கவே முடியாத நிலை. உடனே மோட்டாரை நிறுத்திப் பஸ்ஸரை அடிக்கவிடுங்கள். தொட்டி நிறைய வழக்கமாக ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓர் உச்ச நேரமும் இருக்கட்டும். அது தாண்டினால் கம்பி என்ன சொன்னாலும் மோட்டார் நிற்க வேண்டும். கால் கம்பிக்குக் கீழே போனால் ஓடு, முழுசு வந்தால் நில் என்று இடைவெளி விட்டு எழுதினால், தண்ணீர் அலையும்போது மோட்டாருக்குச் சுவிட்சாக இருக்கும் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளாது. ரிலேயைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம், முதல் ஒரு வாரம் அதன் இடத்தில் ஒரு எல்இடியை வைத்தே ஓட்டிப் பாருங்கள்.