இரண்டு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் நகரி ரோட்டில் பைக் சறுக்கி முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. பிளேட் வைத்தார்கள். நாலு மாதத்தில் தையல் போட்ட இடத்தில் சீழ் வந்தது, இன்னும் நிற்கவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். இப்போது மூட்டே கெட்டுவிட்டது, செயற்கை மூட்டு வைக்கணும், அதற்கு இரண்டு ஆபரேஷன், நடுவில் சில மாதம் காத்திருக்கணும் என்கிறார் டாக்டர். "பணம் பிடுங்கப் பார்க்கிறான், பேசாமல் கட்டுப் போட புத்தூருக்குக் கூட்டிப் போ" என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், பள்ளிப்பட்டு

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், சகோதரி. அடுத்த வாரமே மூட்டு வைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

புத்தூர் எலும்புக் கட்டு வைத்தியத்தை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். கை பிசகினால் நகரி தாண்டி பஸ் ஏறுவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் பச்சிலையும் மூங்கில் சிம்பும் வெளியிலிருந்து பிடித்து நிறுத்துபவை. உங்கள் வீட்டுக்காரருக்குச் சிக்கல் உள்ளே, இரும்பின் மேல் இருக்கிறது. குளத்துப் படியில் பாசி படிவதுபோல் கிருமிகள் பிளேட்டின்மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் வரும் மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. மாத்திரை போட்டால் சீழ் அடங்குவதும் விட்டால் திரும்புவதும் அதனால்தான்.

அதனால் முதல் ஆபரேஷனில் பிளேட், ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்து, கெட்ட சதையையும் எலும்பையும் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். காலியான இடத்தில் மருந்து கலந்த எலும்புச் சிமென்ட் கட்டியை வைப்பார்கள். வாங்கோமைசின், ஜென்டாமைசின் போன்றவை சிமென்ட் இறுகும்போது வரும் சூட்டைத் தாங்கும், அதனால் அவைதான் வழக்கம். ஊசியில் ஏற்ற முடியாத அளவுக்கு மருந்து அந்த இடத்திலேயே கசிந்துகொண்டிருக்கும். கூடவே ட்ரிப்பிலும் மாத்திரையிலும் பெரும்பாலும் ஆறு வாரம். பிறகு மருந்தை நிறுத்தி, உள்ளே அழற்சி இருந்தால் ஏறும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை அளவுகள் இறங்கியிருக்கின்றனவா, புண் காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்துத்தான் மூட்டு. நடுவில் வரும் அந்த மாதங்களை வீண் தாமதம் என்று நினைக்காதீர்கள். வைத்தியமே அப்போதுதான் நடக்கிறது. என்ன கிருமி என்று முன்கூட்டியே தெரிந்த சிலருக்கு ஒரே ஆபரேஷனில் முடிப்பதும் உண்டு. ஆனால் இரண்டு வருஷமாக வடியும் புண்ணில் அந்தத் துணிச்சல் எனக்கு வராது.

மருந்துக்கடை மாத்திரையை இன்றோடு விடுங்கள். அது கிருமியை முழுசாகக் கொல்லாது, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் மாட்டாமல் ஒளித்துவைக்கும். கல்ச்சர் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஆன்டிபயாடிக் இல்லாமல் இருப்பது நல்லது. இடையில் குளிர் காய்ச்சல் வந்தாலோ முட்டி சிவந்து வீங்கினாலோ மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தோல் ஓட்டையில் பஞ்சால் தொட்டு எடுத்த சீழை நம்பி மருந்து முடிவு செய்யக்கூடாது. ஆபரேஷனில் ஆழத்திலிருந்து நாலைந்து இடத்தில் சதை எடுத்து அனுப்புவார்களா என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பீடி இருந்தால் அதுவும் போகட்டும், புண் ஆறுவதை அது கெடுக்கும்.

பணம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இரண்டு ஆபரேஷனுக்கும் தனித்தனி அனுமதி வேண்டுமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் காகிதத்தையும் தேடி எடுங்கள். எந்தக் கம்பெனி பிளேட் என்று தெரிந்தால், அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் கருவியை முன்பே வரவழைத்து வைப்பார்கள். தெரியாவிட்டால் அவர் ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும்போது டாக்டருக்குத் திணறல்தான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஒரு தடவை சீழ் பிடித்த முட்டியில் வைக்கும் மூட்டில் மறுபடி சீழ் பிடிக்க, சாதாரண மூட்டு மாற்றைவிட வாய்ப்பு அதிகம். முழுசாக மடங்கவும் செய்யாது. தறியில் நின்று வேலை பார்க்க முடியுமா என்பதை இரண்டாம் ஆபரேஷனுக்குச் சில மாதம் கழித்து டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். குந்தி உட்காருவதை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான். வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால், முதல் ஆபரேஷனுக்கு முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுங்கள்.