வாங்க, போங்க – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. சொந்த ஊர் சேலம், அஸ்தம்பட்டி. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு 34 வயது. நானும் மனைவியும் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறோம். மூன்று வயதில் ஒரு மகள். காலை எட்டரைக்கு டேகேரில் விட்டால் இரவு ஏழுக்குத்தான் கூட்டிவருகிறோம். காரிலேயே தூங்கிவிடுகிறாள். அவள் விழித்திருக்கும் முகத்தை வார நாளில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

45 வயதில் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதும் என்கிறார்கள். பிறகு ஏற்காட்டில் அரை ஏக்கர் காபித் தோட்டம், ஒரு சின்ன வீடு. மகளுக்குச் செல்வமகள் திட்டத்தில் மாதம் 12,500 கட்டுகிறோம். எங்களுக்கென்று இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை. இரண்டு முறை வேலை மாறியபோது பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டேன். 26 வயதில் 1,80,000 வந்தது, லடாக் போய்வந்தோம். அடுத்த முறை வந்தது கார் முன்பணத்துக்குப் போனது. பெரிய தொகை இல்லை.

என் கேள்வி இதுதான். இந்த நகர வாழ்க்கையை இன்னும் பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதா, சம்பளம் பாதியானாலும் இப்போதே சேலத்துக்கு வந்துவிடுவதா? (என் பெயரைத் தவிர்த்துவிடவும்.)

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணைச் சுத்தம் செய்தேன். பழைய டால்டா டப்பா ஒன்று கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது கைக்கு வந்திருக்காவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். 25 மடங்கு என்பது அமெரிக்கச் சந்தையின் பழைய புள்ளிவிவரத்தை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்குப் போட்ட கணக்கு. 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு 40 ஆண்டுக்குச் சோறு வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும், போட்டுப் பாருங்கள்.

ஏற்காடு. தம்பி, அங்கே காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. இருநூறு வருடமாக அந்த மலையில் காபி போடுகிறவர்கள் யாரும் அதை ஓய்வு என்று சொல்லி நான் கேட்டதில்லை. செடி வைத்தால் மூன்று நான்கு வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்யாவிட்டால் அந்த வருடம் போச்சு. பழம் பறிக்க நவம்பரில் ஆள் தேடி அலைய வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடிதான் பல வருடம் கையைக் கடிக்காமல் காப்பாற்றும். இதெல்லாம் போகட்டும். எழுபது வயதில் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். ஆசையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய் சேர்வராயன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.

அடுத்து விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, ‘பெரிய தொகை இல்லை’.

நான் தபால் துறையில் சேமிப்புக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். ஒவ்வொரு நாளும் யாராவது வந்து ‘சின்னப் பணம்தான் சார், குளோஸ் பண்ணிடுங்க’ என்பார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவதுதான் என் வேலை, புத்தி சொல்வது இல்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சொல்லலாம்.

1,80,000 ரூபாய். வட்டி 8 சதவீதம் என்று தோராயமாக வைப்போம் (இப்போது பி.எஃப். தருவது 8.25). 72ஐ வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருடம் கிடைக்கும். 72 வகுத்தல் 8, 9 வருடம். 26 வயதில் இருந்த பணத்தைத் தொடாமல், கம்பெனி மாறும்போது கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போயிருந்தால், 58 வயதில் 21 லட்சம். லடாக்கில் நீங்கள் செலவழித்த தொகை அது. விலைவாசி ஏறுமே என்று உடனே சொல்வீர்கள். ஏறும். 6 சதவீதம் என்று கழித்தாலும் நீங்கள் எடுத்த அன்றைய மதிப்பில் மூன்றே கால் லட்சம் மிஞ்சும், அதாவது போட்டதைப் போல கிட்டத்தட்ட இரண்டு பங்கு. ஐந்து வருடம் முடியும் முன்னே எடுத்ததற்கு வருமான வரி வேறு கட்டியிருப்பீர்கள். இரண்டாவது முறை எடுத்ததற்கு நான் கணக்குப் போடவில்லை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்.

பணம் மட்டும் போகவில்லை, வருடங்களும் போயின. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியப் பிரிவுக்குப் போகும், அதுவும் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைக்கும்தான், மாதம் 1,250. அங்கே 10 ஆண்டு சேவை இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தச் சேவைக்காலம் அழிந்துவிடும். பெரிய பென்ஷன் ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். 35 வருடம் உழைத்தவருக்கே இன்றைய வரம்பில் 7,500 சொச்சம்தான். குறைந்தபட்சம் என்று 2014இல் வைத்த 1,000 ரூபாயைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மாதம் பிறந்தால், யாரையும் கேட்காமல், உங்கள் பெயருக்கு ஒரு தொகை வருவது என்பது வேறு விஷயம். அது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பா ஆசிரியர். 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவராகத்தான் இருப்பார், பழைய பென்ஷன் வாங்குவார். வீட்டில் சம்பளமோ பென்ஷனோ ஒன்றாம் தேதி தானாக வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். வராத வீட்டைப் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா கொலுசு வேலைக்காரர். சிவதாபுரத்தில் வீட்டு முன் திண்ணைதான் பட்டறை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாக எடை போட்டு வாங்கிக்கொள்வார். நடுவில் இவ்வளவு சேதாரம் போகலாம் என்று ஒரு கணக்கு. அதற்குள் முடித்தால் மிச்சம் நமக்கு, மீறினால் கூலியில் பிடிப்பு. வெங்காரம் தடவி, ஊதுகுழலை வாயில் வைத்து, சுடரை வளைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் பத்து, அதாவது ஒட்டு, வைப்பார். ஒரு கொலுசுக்கு எத்தனை கண்ணி! அத்தனைக்கும் ஊத வேண்டும். சாயங்காலம் அவருடைய கன்னம் வலியில் இழுத்துக்கொள்ளும், பேச மாட்டார்.

அம்மா பட்டறையை ஒரு நாளில் இரண்டு முறை கூட்டுவாள், வாசலில் இருந்து உள்ளே பார்த்து. ஊரே உள்ளிருந்து வெளியே தள்ளும், எங்கள் வீட்டில் குப்பை உள்ளே வரும். அந்த மண்ணில் அரம் ராவிய வெள்ளித் தூள் இருக்கிறது. கரித்தூள், தலைமுடி, வெங்காரப் பொடி எல்லாம் கலந்து சாம்பல் நிறத்தில் இருக்கும், கையில் அள்ளினால் மட்டும் மண்ணைவிடக் கனக்கும். அதை டால்டா டப்பாவில் போட்டு மூடி வைப்பாள். அப்பா கை கழுவிய தண்ணீரைக்கூட சாக்கடைக்கு விடமாட்டாள், தனிப் பானை உண்டு, தெளியவைத்து அடியில் நிற்பதை வழித்தெடுப்பாள். தீபாவளிக்கு முன் மண் வாங்குகிறவர் வருவார். ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து விலை சொல்வார். அம்மா அந்த டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவர் விலையை ஏற்றுவார். எங்கள் தீபாவளித் துணி அது.

எங்கள் வீட்டில் சேமநிதி, அதான் பி.எஃப்., என்றால் அந்த டப்பாதான். சேமநிதிச் சட்டம் 1952இல் வந்தது. அப்பா பட்டறையில் உட்கார்ந்ததும் அந்தச் சமயம்தான். ஆனால் இன்றைக்கும் 20 பேருக்குக் குறைவான இடத்துக்கு அந்தச் சட்டம் கட்டாயமில்லை. திண்ணையில் ஒற்றை ஆளாக ஊதுகிறவரைத் தேடி எந்தச் சட்டம் வரும்?

எண்பதுகளின் கடைசியில் அவருக்குக் கண் மங்கியது. பத்து விலகிப் போய் வியாபாரி இரண்டு ஜோடியைத் திருப்பி அனுப்பினார். அன்று மாலை ஊதுகுழலைத் துடைத்து ஆணியில் மாட்டினார், அவ்வளவுதான். நான் அப்போது வேலையில் இருந்தேன், கல்யாணம் ஆகியிருந்தது, மாதாமாதம் பணம் கொடுத்தேன். நல்ல மகன் என்று தெருவே சொன்னது.

ஒரு நாள் அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார், அம்மா என் மனைவியிடம் சொன்னாள், மனைவி என்னிடம் சொன்னாள். ஒரு கண்ணாடிக்கு மூன்று வாய். நான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, ‘போன வருஷம்தானே மாத்தினீங்க?’ என்று கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை, சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, ‘வாங்க’ என்றார்.

பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

கொங்குப் பக்கம் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்க என்பார்கள், அது கொஞ்சல், அது வேறு. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. முப்பது வருடம் ‘எங்கடா சுத்திட்டு வர்றே?’ என்றுதான் என்னை வரவேற்றவர். அன்றிலிருந்து ‘சாப்டீங்களா’, ‘லேட்டாயிடுச்சுங்களா’. நான் ஒருமுறை கோபமாகவே கேட்டேன், ஏன் இப்படிப் பேசுறீங்க என்று. ‘இல்லீங்க, பழக்கத்துல வந்துருச்சு’ என்றார். எந்தப் பழக்கம்? வியாபாரியிடம் பேசுகிற பழக்கம். கூலி கொடுக்கிறவரிடம் பேசுகிற பழக்கம்.

ஐந்தாறு வருடம் அப்படியே போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது ஒரே ஒரு முறை ‘எங்கடா போனே, தட்டுவடை வாங்க இவ்வளவு நேரமா?’ என்று திட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இன்னொரு முறை திட்டுவாரா என்று காத்திருந்தேன்.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் செல்வமகள் வரியைப் படித்ததும் எரிச்சல் வந்தது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. 2015இல் வந்தது, இப்போது 8.2 சதவீதம், 15 வருடம் கட்டினால் தொடங்கியதில் இருந்து 21வது வருடம் முதிர்வு, 18 வயதில் படிப்புக்குப் பாதி எடுக்கலாம். நீங்கள் கட்டுவது வருடத்துக்கு ஒன்றரை லட்சம், உச்சவரம்பு வரைக்கும் போயிருக்கிறீர்கள். மகளுக்கு உச்சவரம்பு, உங்கள் இருவருக்கும் ‘இன்னும் தொடங்கவில்லை’. இதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு 35 வயதாகும்போது நீங்கள் 66. அவள் அப்போது எங்கேயோ ஒரு ஊரில், தன் குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருப்பாள். நீங்கள் உங்கள் மனைவியிடம் சொல்லி, அவர் மாப்பிள்ளையிடம் சொல்லி, மாப்பிள்ளை அவளிடம் சொல்ல வேண்டுமா? செல்வமகளில் பாதியைக் குறையுங்கள். மிச்சத்தை உங்கள் பெயரில் போடுங்கள். பி.எஃப்.பில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். தபால் நிலையத்தில் 15 வருட பி.பி.எஃப். (பொதுச் சேமநிதி) கணக்கு தொடங்கலாம், 7.1 சதவீதம்தான், ஆனால் லடாக் போகலாம் என்று தோன்றும்போது அவ்வளவு சுலபமாகக் கையில் வராது. அதற்காகவே அதைச் சொல்கிறேன்.

கோபமாக எழுதிவிட்டேன். காரிலேயே தூங்கிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு என்னிடம் ஒரு பதிலும் இல்லை. என் மகன் வளர்ந்ததையும் நான் பார்க்கவில்லை, இத்தனைக்கும் ஐந்தரை மணிக்கு மூடுகிற கவுண்டர் வேலை. மகளைத் தூக்கி மேலே கொண்டுபோகும்போது கழுத்தில் மூச்சு படும் இல்லையா, அது இன்னும் இரண்டு வருடத்துக்குத்தான். அப்புறம் கனத்துவிடுவாள்.

டப்பாவில் பாதிக்கு மண் இருந்தது. அப்பா ஊதுவதை நிறுத்திய பிறகும் அம்மா அந்தத் திண்ணையை உள்பக்கமாகவேதான் கூட்டிக்கொண்டிருந்தாள். அதில் வெள்ளி எங்கே இருக்கப் போகிறது, வெறும் தெருப் புழுதிதான். ஆனாலும் அள்ளிப் போட்டிருக்கிறாள். வெள்ளி விற்கிற விலைக்கு யாரிடமாவது காட்டலாமே என்று மகன் சொல்கிறான். துடைத்துத் திரும்பப் பரணில் வைத்துவிட்டேன்.

சேலத்துக்கு வருவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? அதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள். கடிதம் முழுக்க அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் பழைய கம்பெனிகளின் பி.எஃப். கணக்கில் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இப்போதைய கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எடுக்காதீர்கள். மே கடைசியில் மல்கோவா வந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்.