என் மகனுக்கு அட்டவணை படிக்கக் கற்றுக் கொடுத்தது அவன் தாத்தா

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் கூட்டல், கழித்தல் எல்லாம் வருகிறது. அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னால் மட்டும் முழிக்கிறான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நீங்களும் என்னைப் போல, தேர்வுத்தாளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஆசிரியை இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் இந்த வழி பொருந்தும் என்றும் சொல்லவில்லை. பி.எட். படித்தவர்கள் கோபப்பட வேண்டாம்.

போன வருடம் காலாண்டுத் தேர்வில் 'தகவல் செயலாக்கம்' பாடத்தில் வந்த நான்கு கேள்வியும் என் மகனுக்குத் தப்பு. எதைக் கேட்டாலும் கண்ணில் முதலில் படுகிற எண்ணை எழுதி வைத்திருந்தான். நிரை என்றால் படுக்கை வரிசை, நிரல் என்றால் மேலிருந்து கீழே இறங்கும் வரிசை என்று ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் குழம்பி, கடைசியில் அழுதுவிட்டான். அந்த ஒரு வாரத்துக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

விடுமுறைக்கு மேலூர் பக்கம் என் அப்பா வீட்டுக்குப் போனோம். அப்பா ஐந்தாவதைத் தாண்டாதவர். ஆனால் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம்தான். பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி, வைகை அணைக்கு வந்து, பேரணை என்ற இடத்தில் கால்வாய் ஏறி மேலூர் வர வேண்டும். பேப்பரில் வரும் அந்த நீர்மட்ட அட்டவணையில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் நாற்றுப் பாவலாமா என்று எங்கள் வீட்டில் முடிவு செய்வார்கள்.

மகனை மடியில் உட்கார வைத்து, அவன் இரண்டு ஆட்காட்டி விரலையும் பிடித்துப் பேப்பரில் வைத்தார். "ராசா, ஒரு விரல வைகைங்கிற பேர்ல வச்சு அங்கிட்டு நகத்து. இன்னொரு விரல மேல 'இன்றைய மட்டம்'னு இருக்குல்ல, அதுலருந்து கீழ எறக்கு. ரெண்டும் முட்டுற எடத்துல என்ன இருக்கு?" அவன் "அறுபது" என்றான். அவ்வளவுதான், நிரையும் நிரலும் அங்கே தேவைப்படவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவனே கோடு போட்டு, தேதி, பெரியாறு, வைகை என்று எழுதினான். மூன்றாம் நாள் நாங்கள் கேட்காமலேயே "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு அடி ஏறியிருக்கு தாத்தா" என்றான். அவன் போட்ட கட்டம் என்பதால் எந்த எண் எதற்கு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அச்சடித்த கட்டத்தைக் கொடுக்கும் முன் பிள்ளையையே ஒன்று போட வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எண்ணைக் கண்டுபிடிப்பது வேறு, அது என்ன சொல்கிறது என்று தெரிவது வேறு. பெரியாறு 126, வைகை 60 என்று இருந்த ஒரு நாள், "பெரியாத்துல ரெண்டு மடங்குக்கு மேல தண்ணி இருக்கு" என்றான். நானும் சரி என்றே நினைத்தேன். அப்பா தலையை ஆட்டினார். "பெரியாத்துல 104 அடிக்குக் கீழ கெடக்குற தண்ணி நமக்கு வராது. மேல எத்தனை அடி, சொல்லு." கழித்துப் பார்த்து 22 என்றான். "அப்ப வைகையிலதான் அதிகமா?" என்று அடுத்த கேள்வி. அப்பா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றினார். சொம்பில் கழுத்துவரை நின்ற தண்ணீர் அண்டாவில் அடியை மட்டும் நனைத்தது. அடி என்பது உயரம்தான், தண்ணீரின் அளவு இல்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

அரையாண்டுத் தேர்வில் பழக்கடை அட்டவணை வந்தது. மாம்பழம் 12 கிலோ, வாழைப்பழம் 20 டஜன். எது அதிகம் விற்றது? என் மகன் 'கிலோவையும் டஜனையும் ஒப்பிட முடியாது' என்று எழுதினான். சிவப்பு மையில் பெருக்கல் குறி. வாழைப்பழம்தான் விடை என்றார்கள். போய்க் கேட்டதற்கு, விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில். ஒரு மதிப்பெண்ணுக்காகச் சண்டை போடுகிறாள் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். யோசித்து எழுதியது தப்பு என்று பிள்ளை நம்பிவிடக் கூடாதே என்றுதான் போனேன்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதில் முட்டுகிறது. அந்தக் கால்வாய்த் தண்ணீரில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், மேலூருக்கு ஒருபோகம். அந்த ஒரு போகத்துக்கும் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று வருடா வருடம் பேப்பரைப் பார்த்துக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. நாற்று முற்றிப்போய் அப்பா வயலை அப்படியே விட்ட வருடங்களும் உண்டு. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் எந்தக் கணக்கை எல்லோரும் தினமும் பார்க்கிறீர்களோ, பால் கணக்கோ பூ விலையோ, அதை ஒரு வாரம் பையனே எழுதட்டும். பிறகு இரண்டு விரல். எண்ணைச் சொன்னதும், "எண்பது என்ன? ரூபாயா, லிட்டரா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை. காலை ஏழு மணிக்குப் போன் வரும். மகன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று வரிசையாகப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறான்.