பிரசவமாகிப் பன்னிரண்டு நாள், தீராத தலைவலி: எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் மனைவி காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தாய்வீட்டில் இருக்கிறார். தலைக்கு ஊற்றியதில் நீர் கோத்துக்கொண்டதால்தான் தலைவலி என்கிறார் உங்கள் மாமியார். குடிக்கத் தண்ணீரும் அளந்துதான் கொடுக்கிறார். இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

கல்லல் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தை பிறந்ததும் கண்டம் தாண்டியாயிற்று என்று வீடே நிம்மதியாகிவிடும். ஆனால் கர்ப்பகாலம் முழுக்கச் சரியாக இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ரத்த அழுத்தம் ஏறலாம். தீராத தலைவலி அதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு வீட்டில் அப்பத்தா பேத்தியின் நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். அழுத்தம் பார்த்தால் 170/110. உடனே 108-ஐ அழைத்தோம். மருத்துவமனையில் மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டதால் வலிப்பு வராமல் தப்பினாள். இந்த வலிப்பைத்தான் ஜன்னி கண்டுவிட்டது என்று சொல்லி, வேப்பிலை அடித்துப் பொழுதைக் கழித்தார்கள் முன்பு. 140/90 என்றாலே மருத்துவர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் தாமதிக்கவே கூடாது. தலைவலியோடு கண் மங்கினாலோ மேல்வயிறு வலித்தாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

உதிரப்போக்கை அவரிடமே கேளுங்கள். கூச்சத்தில் அவராகச் சொல்ல மாட்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் அது அவசரம். காய்ச்சலோடு துர்நாற்றம் வீசினால் கர்ப்பப்பையில் கிருமி சேர்ந்திருக்கலாம். கஷாயம் அதற்கு மருந்தாகாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் காட்டிவிடுங்கள்.

பத்தியத்தில் பூண்டும் பால் சுறாவும் நல்ல உணவுதான், யாரும் தடுக்க வேண்டாம். தண்ணீரைக் குறைப்பதுதான் எனக்கு ஆற்றாமை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று தடுத்தால் மலம் இறுகி, தையல் போட்ட இடத்தில் உயிர் போகிற வலி வரும். சிறுநீர் கழிக்கையில் எரியும். கீரையும் பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்குகிறார்கள். ரத்தம் இழந்த உடம்புக்கு அவை கட்டாயம் வேண்டும். அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், காபியோடு சேர்க்காமல்.

காரணமில்லாமல் அழுகிறாரா என்றும் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் அது தானாக அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கம் கெட்டு, பிள்ளையிடம் ஒட்டாமல் இருந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கோ தனக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அவரைத் தனியாக விடாமல் உடனே கூட்டிப் போக வேண்டும்.

மாமியாரிடம் பத்தியம் தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். மகளுக்காகக் கண் விழிப்பவர் அவர்தான். சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அவரே சொம்பு நிறையக் கொண்டுவந்து வைப்பார்.