வாடகைக்கு விட வீடு வாங்குவோர் இரண்டு ஊர்களை எப்படி ஒப்பிட வேண்டும்?

வீட்டு விலை ஏறக்குறைய சமமாக உள்ள இரண்டு ஊர்களில், வாடகை கூடுதலாகக் கிடைக்கும் ஊரையே தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆண்டு வாடகையை விலையால் வகுத்தால் கிடைப்பது மொத்த வருவாய் விகிதம்; ஆனால், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கையில் நிற்கும். முதல் ஊரில் அந்த விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: ஆண்டில் 2 மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அது 5 ஆகிவிடும், செலவுக்கு 1.5 போனால் மிச்சம் 3.5 மட்டுமே. இரண்டாவது ஊரில் 5 சதவீதமே என்றாலும், குடியிருப்போர் நிலைத்திருந்து, செலவும் 1 சதவீதத்தோடு நின்றால், 4 மிஞ்சும். பத்திரச் செலவையும் தொடக்கப் பழுதுபார்ப்பையும் விலையோடு சேர்த்தே வகுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஆலையை நம்பியிருக்கும் ஊரில், அது மூடப்பட்டால் வாடகையும் விலையும் சேர்ந்தே சரியும். வாடகை விளம்பரங்களைச் சில வாரங்கள் தொடர்ந்து பாருங்கள். ஒரே வீடு தொகை குறைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் வருமானால், முதலில் கேட்ட வாடகை அங்கே கிடைப்பதில்லை என்று பொருள்.