தெரியாத ஊரில் நாயோடு பறவை வேட்டைக்குப் போனால் எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறார், இரண்டு வயது பாயிண்டர் நாய் (பறவை வாசனை வந்ததும் உறைந்து நின்று காட்டிக்கொடுக்கும் வேட்டை நாய்) வைத்திருக்கிறார், செப்டம்பரில் முதல் தடவையாக மேற்கே டகோட்டா மாநிலங்கள் பக்கம் போகிறாராம். நானும் அதே வழியில் போய்ப் பட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

என் நாய் பெயர் மிளகு. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், பெட்டை, வெள்ளை உடம்பில் மிளகைத் தூவியது போலப் புள்ளிகள். வடக்கு மின்னசோட்டா காடுகளில் ரஃப்டு கிரவுஸ் என்னும் காட்டுக்கோழி மாதிரியான பறவையைத் தேடி வளர்ந்தவள். அங்கே மரம் நெருக்கம், நாய் நாற்பது கஜம் தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரியாது, கழுத்து மணிச் சத்தத்தை வைத்துத்தான் பின்னால் நடப்போம், மணி நின்றுவிட்டால் அங்கே பறவை இருக்கிறது என்று அர்த்தம். இப்படி நாலு வருடம் பழகிய கையோடு சவுத் டகோட்டாவின் ஃபோர்ட் பியர் தேசியப் புல்வெளிக்குப் போனேன். ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பொது நிலம். புல், மேடு, ஆகாயம், அவ்வளவுதான். (ஊர்ப் பெயரைப் 'பியெர்' என்று பிரெஞ்சுக்காரர் மாதிரி இழுக்காதீர்கள், பெட்ரோல் பங்கிலேயே வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும்.)

அங்கே கிடைப்பது ரஃப்டு கிரவுஸின் புல்வெளிச் சொந்தங்களான ஷார்ப்டெயில் கிரவுஸும் பிரெய்ரி சிக்கனும், இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று வரை சுடலாம். முதல் நாள் நான் செய்ததைச் சொல்கிறேன். புதர் இருக்கும் பள்ளங்களை மட்டும் பார்த்துப் பார்த்து நடந்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த கிரவுஸ் அடர்த்தியான இடத்தில்தான் இருக்கும். மிளகு என்னடாவென்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்தே ஓடுகிறாள். எனக்கு அவள் கண்பார்வையை விட்டுப் போகிறாள் என்று பதற்றம், விசில் அடித்துக் கூப்பிட்டேன். வந்தாள். திரும்பவும் ஓடினாள், திரும்பவும் விசில். நாலாவது தடவை அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டில் வேறு ஒருவரும் என்னை அப்படிப் பார்ப்பதுண்டு.

அன்று ஒரு பறவைகூட இல்லை. சாயங்காலம் தங்கியிருந்த இடத்தில் பக்கத்து வண்டிக்காரர், எழுபது வயது இருக்கும், மூன்று செட்டர் நாய்களோடு வந்திருந்தார். எங்கே நடந்தாய் என்று கேட்டார். சொன்னேன். "காலையில் அதுங்க மேட்டில்தான் இருக்கும், மேலே நின்றால் எதிரி வருவது தெரியுமில்லையா, வெயில் ஏறின பிறகுதான் நிழலுக்குக் கீழே இறங்கும்" என்றார். மிளகு பிடித்தது அந்த மேட்டுக் காற்றில் வந்த வாசனையைத்தான்.

மறுநாள் காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக வண்டியை நிறுத்திவிட்டு, நாய் எங்கே என்று காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப் பட்டையை மாட்டி அவளை விட்டுவிட்டேன். இருநூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மேட்டு விளிம்பில் போய் உறைந்து நின்றாள். நான் மூச்சு வாங்க ஏறிப் போய்ச் சேரும்வரை அசையவில்லை. ஏழெட்டுப் பறவை 'குக்-குக்-குக்' என்று சிரிப்பது போலக் கத்திக்கொண்டு கிளம்பின, ஒன்றை வீழ்த்தினேன். அந்த முதல் பறவையை உடனே அறுத்து, கழுத்தடியில் இரை சேர்த்து வைக்கும் பையைப் பாருங்கள். இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. எனக்குக் கிடைத்ததில் நிறைய வெட்டுக்கிளி, கொஞ்சம் காட்டு ரோஜாக் காய். அப்புறம் ரோஜாப் புதர் ஓரமாக இருக்கும் மேடுகளை மட்டும் நடந்தோம், பதினோரு மணிக்குள் மூன்றும் ஆகிவிட்டது.

ஆக, பறவை எங்கே என்பதை நாயிடம் விடலாம். ஆனால் புது நிலத்தில் நாய்க்குத் தெரியாத ஆபத்துகள் இருக்கின்றன, அவை நம் பொறுப்பு. நம் ஊர் வேலியோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் சப்பாத்திக்கள்ளி இருக்கிறதே, அதன் குள்ளத் தம்பி இங்கே புல்லுக்குள் படுத்துக் கிடக்கும். முதல் நாள் மிளகு நொண்டிய பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. நாய்க்குக் காலுறையும் முள் பிடுங்க இடுக்கியும் எடுத்துப் போங்கள். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே விரியன் வகைக் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, செப்டம்பர் வெயிலில் நன்றாகவே நடமாடும். மாட்டுக்காக வெட்டிய குளங்களில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போல இருந்தால் நாயைக் கிட்டவே விடாதீர்கள், அந்த நீலப்பச்சைப் பாசி நாயைக் கொன்றுவிடும். தண்ணீரை நீங்களே சுமந்து போங்கள். எல்லாவற்றையும் விட வெயில்தான் பெரிய எமன். நாயின் உடல் சூடு சாதாரணமாக 38.5 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, ஆனால் வேட்டை வெறியில் இருக்கும் நாய் தானாக நிற்காது. நாக்கு அகலமாகத் தொங்கி, கூப்பிட்டால் காதில் விழாதது போல நடந்தால் அன்றைய வேட்டை முடிந்தது என்று வையுங்கள்.

சட்டம் கொஞ்சம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பொது விதி, அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு. அந்தக் காகிதத்தைப் பையிலேயே வையுங்கள். செப்டம்பரில் பெரியவர்களுக்கு ஃபெசன்ட் (நீள வால் கொண்ட இன்னொரு வேட்டைப் பறவை) சீசன் திறந்திருக்காது, பெட்டை ஃபெசன்ட்டைச் சுடவே கூடாது, ஆனால் பறக்கும்போது அது ஷார்ப்டெயில் போலவே இருக்கும். குட்டை வாலில் வெள்ளை தெரிகிறதா, அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். ஊருக்கு எடுத்து வரும்போதும் முழுக்க உரித்துவிடாமல் அடையாளத்துக்குக் காலோ இறக்கையோ விட்டுவைக்க வேண்டும்.

சமையல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பறவைகளுக்குக் கறுத்த கறி. நாட்டுக்கோழி என்று நினைத்துக் குழம்பில் நெடுநேரம் கொதிக்க விட்டால் ஈரல் வாசம் வந்துவிடும், நான் அப்படித்தான் முதல் பறவையை வீணாக்கினேன். நெஞ்சுக் கறியை மட்டும் எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, சட்டி நன்றாகக் காய்ந்ததும் பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.