பாட்டு எப்போது வரும்?

அன்புள்ள அண்ணா,

கிளப்களில் ஆடுவதற்கான ஹவுஸ் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கேட்க ஆரம்பித்தேன். ஆறு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோல்ஃபுல் ஹவுஸ், டீப் ஹவுஸ் புது வெளியீடுகளை விடாமல் துரத்துகிறேன். எண்ணி மாளவில்லை. முதல் ஒன்றரை நிமிடம் வெறும் டிரம்தான் என்பதால் அதைத் தள்ளிவிட்டு நேராகப் பாட்டு வரும் இடத்துக்குப் போய்விடுகிறேன். அப்படியும் பாதிகூடக் கேட்டு முடிக்க முடியவில்லை. போதாததற்கு ஒரே பாட்டை நான்கைந்து வடிவங்களில் விற்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா? சோல்ஃபுல்லுக்கும் டீப்புக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? சமீபத்தில் வந்தவற்றில் தவறவிடக் கூடாத பத்தைச் சொல்ல முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போன மாதம் மேஜை இழுப்பறையை ஒழித்தபோது ஒரு பழைய சிடி கையில் கிடைத்தது. உறையில் என் கையெழுத்தில் 19 பாட்டுகளின் பெயர்கள். தூக்கிப் போடவும் மனமில்லை, போட்டுக் கேட்கவும் துணிவில்லை. அப்படியே மேஜைமேல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. சிடி கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் கேள்விகளில் லேசானவற்றை முடித்துவிடலாம்.

சோல்ஃபுல் ஹவுஸ் பாடுகிறவரை நம்பி நிற்பது. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல், அந்தக் குரலுக்குப் பதில் சொல்லும் பின்பாட்டு, ஆள் உட்கார்ந்து வாசித்தது தெரியும் பியானோ. நியூஜெர்சியில் நியூவர்க் நகரத்து ஸான்ஸிபார் கிளப்பில் 1980-களில் டோனி ஹம்ப்ரீஸ் இசைத்தட்டு போட்ட வழி அது. டீப் ஹவுஸ் குரல் இல்லாமலும் நிற்கும். கார்ட்களும் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) பேஸும் (அடியில் ஓடும் கனத்த சுரம்)தான் அதன் உடம்பு. லாரி ஹெர்ட், மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 1986-ல் வெளியிட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’டை ஒருமுறை கேட்டால் என் விளக்கம் தேவைப்படாது. இதற்கு மேல் இந்தப் பெயர்களைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். கடைக்காரர் அலமாரியில் ஒட்டும் சீட்டு, அவ்வளவுதான். 2013, 14 வாக்கில் பிரிட்டனில் பாப் தரவரிசையில் ஏறிய எதை எதையோ டீப் ஹவுஸ் என்று விற்றார்கள். சீட்டு வாய் திறந்து மறுக்கவா போகிறது?

நான்கைந்து வடிவங்கள் ஏமாற்று இல்லை. முழுப் பாட்டு ஒன்று, குரல் நீக்கியது ஒன்று, குரல் மட்டும் ஒன்று, குரலைச் சிதறடித்து எதிரொலியில் மிதக்கவிட்ட டப் ஒன்று. இவை, கிளப்பில் பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் போடும் டிஜேக்களுக்காகச் செய்யப்படுபவை. கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்து, இதில் எப்படிப் பரிமாறுவது என்று கோபித்துக்கொள்வதுபோல் இருக்கிறது உங்கள் கோபம். ஏமாற்று என்ற சொல்லை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இசையில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வாங்கியவர்கள் இல்லை, செய்தவர்கள்தான். லாரி ஹெர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் தங்கள் 1980-களின் பாட்டுகளுக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று, முதலில் வெளியிட்ட நிறுவனத்தின் மீது 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2022-ல் சமரசம் ஆகி உரிமை திரும்பக் கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து.

சரி. இனி அந்தத் ‘தள்ளிவிட்டு’ என்ற சொல். உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கு அரை விநாடி. நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார், இரண்டு விநாடி. எட்டு பாருக்கு 16 விநாடி. நீங்கள் தள்ளிவிடும் ஒன்றரை நிமிடத்தில் இப்படி ஐந்து எட்டுகள் சுலபமாகப் போய்விடும். முதல் எட்டில் அடிக்கு ஒருமுறை இடிக்கும் கிக் டிரம் மட்டும். இரண்டாவது எட்டில் கிக்குக்கும் கிக்குக்கும் இடையே ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு வாய் திறந்து மூடும். (அந்தத் திறந்து மூடும் ஹை-ஹாட் ஹவுஸின் கண்டுபிடிப்பு இல்லை. பிலடெல்பியாவின் ஏர்ல் யங் என்ற டிரம்மர் 1973-ல் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் வாசித்தது, அங்கிருந்து ஹவுஸுக்கு முந்தைய ஆட்ட இசையான டிஸ்கோ முழுக்கப் பரவியது.) அடுத்த எட்டில் கைத்தட்டல். அதற்கடுத்து காங்காவோ ஷேக்கரோ. பிறகுதான் பேஸ். அது நுழைகிற நொடியில் வயிற்றுக்குள் ஏதோ கனமாக இறங்கி உட்காரும். ஏன் உட்காருகிறது? அதற்கு முந்தைய 64 விநாடி அந்த இடம் காலியாகக் கிடந்தது, அதனால். காலியாகக் கிடந்ததை நீங்கள் கேட்கவே இல்லை. அப்புறம் எல்லாம் ஒன்றுபோலத்தானே தெரியும்? எங்கேயும் எதுவும் நுழையவில்லையே!

உடனே யாராவது இதைக் கச்சேரி ஆலாபனையோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுவார்கள். வேண்டாம். ஆலாபனை பாடுகிறவருடைய சொந்த இடம். இந்த ஒன்றரை நிமிடம் பாட்டுக்குச் சொந்தமானதே இல்லை. முந்தைய பாட்டின் வால் இதன்மேல் ஏறி ஓட வேண்டும். டிஜே ஒரு காதில் ஹெட்போனை இடுக்கிக்கொண்டு, வரப்போகும் பாட்டின் வேகத்தை ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வேகத்தோடு மயிரிழையில் பொருத்தி, இரண்டு கிக்கையும் ஒரே கிக்காக ஆக்குவது இந்த வெற்று டிரம்மின் மேல்தான். எது போனது, எது வந்தது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு நிமிடம் உண்டாகும். இந்த இசையின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் அந்த நிமிடத்தைச் சொல்வேன். எந்த இசைத்தட்டிலும் அது பதிவாகி இருக்காது. இரண்டு தட்டுகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். இந்த இசை பிறந்ததே புது வெளியீடுகள் வற்றிப்போன காலத்தில்தான். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு இடையே, ஸ்டீவ் டால் என்ற வானொலிக்காரர் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். கையில் ஒரு டிஸ்கோ தட்டோடு வந்தால் 98 சென்ட்டுக்கு உள்ளே விட்டார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ், ஒரு சிந்தசைஸர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர். வந்து விழுந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாதவையும் நிறைய இருந்தன, கறுப்பர்கள் பாடியவை என்பதுதான் பொது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதே வின்ஸ் லாரன்ஸ்தான் 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ செய்தவர். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவின. ஆடுவதற்கு ஏற்ற வேகத்தில் புதுப் பாட்டுகள் வருவது குறைந்துபோனது. சிகாகோவின் தெற்கு ஜெஃபர்சன் தெருவில், 206-ம் எண் கட்டடத்தில் வேர்ஹவுஸ் என்ற கிளப். 1977-ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. ஆட வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், பலர் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள். வாராவாரம் அதே கூட்டம். போடுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த மனிதர் என்ன செய்தார்? கையில் இருந்த பழைய பாட்டுகளை ஒலிநாடாவில் ஏற்றி, நாடாவை வெட்டி ஒட்டி, டிரம் மட்டும் வரும் இடங்களை நீட்டினார். முன்னால் நீட்டினார், நடுவில் நீட்டினார். பிற்பாடு டிரம் மெஷினையும் அடியில் ஓடவிட்டார். வேர்ஹவுஸில் கேட்கிற பாட்டு என்பதுதான் சுருங்கி ‘ஹவுஸ்’ ஆனது.

ஆக, பஞ்சத்தில் ஒருவர் இருந்ததை நீட்டி நீட்டிக் கொடுத்தார். நீங்கள் மிகுதியில் உட்கார்ந்துகொண்டு, அவர் நீட்டிய இடத்தை மட்டும் சரியாகப் பார்த்து வெட்டி எறிகிறீர்கள். தம்பி, வேறு எதை வெட்டியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

தப்பு முழுக்க உங்களுடையது இல்லை என்றும் தெரியும். பாட்டு ஓடும் சேவைகளில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று இப்போது பலரும் மூன்று நிமிட வடிவத்தை முன்னால் வைத்துவிட்டு, முழு நீளத்தை ‘எக்ஸ்டெண்டட் மிக்ஸ்’ என்று பின்னால் ஒளித்துவைக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்தப் பின்னால் இருப்பதை.

இப்போது சிடி. இருபது வருடத்துக்கு முன் நான் இரவுப் பணியில் இருந்தேன். பக்கத்து மேஜையில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர். அதிகம் பேசமாட்டார். ஒரு காதில் ஹெட்போன், வலது கையில் பேனா மூடி. மூடியால் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பார், ஒன்று இரண்டு மூன்று நான்கு. திடீரென்று ஒரு நொடி தட்டாமல் நிறுத்தித் தலையைச் சாய்ப்பார், பிறகு மறுபடி தட்டுவார். அந்த நிறுத்தம் எதற்கு என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஒருநாள் மற்றக் காதுக்கானதை எனக்குக் கொடுத்தார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “அண்ணே, பாட்டு எப்போது வரும்?” என்றேன். ஒன்றும் சொல்லாமல் என் காதிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். பத்து நாள் தரவில்லை.

பதினோராம் நாள் தந்தார், நானும் மெல்ல உள்ளே போனேன். தட்டாமல் நிறுத்துவது, புதிதாக ஒரு வாத்தியம் நுழையும் இடம் என்று புரிந்தது. அவரிடமிருந்து பாட்டுகளை வாங்கி வாங்கிச் சேர்த்தேன். அவர் பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியபோது, எனக்குத் தெரிந்த ஒரே பெரிய வேலையைச் செய்தேன். 80 நிமிட சிடியில் அந்த நீளப் பாட்டுகள் பதினொன்றுதான் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் இருந்த வெறும் டிரம்மை மென்பொருளில் நறுக்கிவிட்டு 19 பாட்டுகளை ஏற்றினேன். இரண்டு இரவுகள் பிடித்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

அவர் வீட்டில் இரண்டு சிடி ஓட்டும் டெக்கும் ஒரு சின்ன மிக்ஸரும் வைத்திருந்தார். மறுநாள் சிடியைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. “நல்ல பாட்டுகள்தான் தம்பி. ஆனால் கை வைக்க இடமே இல்லையே” என்றார்.

உங்களுக்குப் பதில் எழுத உட்காருவதற்கு முன் அதைப் போட்டுக் கேட்டேன். 19 பாட்டும் எடுத்த எடுப்பிலேயே கத்துகின்றன. ஏழாவது பாட்டில், பாடகி முதல் சொல்லுக்கு முன் இழுக்கிற மூச்சையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். அந்த மூச்சு எவ்வளவு நீளம் என்று மூலத்தைத் திறந்து பார்த்தேன். அரை விநாடிகூட இல்லை. எதை மிச்சம்பிடிக்க வெட்டினேனோ தெரியவில்லை.

பத்து கேட்டிருந்தீர்கள். மூன்று ஆல்பம் சொல்கிறேன், மூன்றும் 2022-ல் வந்தவை. உங்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கில் அவை பழையவை, எனக்கு இன்னும் தீரவில்லை. மிஸ்டர் ஃபிங்கர்ஸின் ‘அரவுண்ட் தி சன்’ முதல் பாகம். லூயி வேகாவின் ‘எக்ஸ்பேன்ஷன்ஸ் இன் தி என்ஒய்சி’. அப்புறம் கெர்ரி சாண்ட்லரின் ‘ஸ்பேசஸ் அண்ட் பிளேசஸ்’. பல நாடுகளில் உள்ள கிளப்களுக்கு நேரில் போய், அந்தந்த அறையின் ஒலிக்கு ஏற்ப அவர் செய்த பாட்டுகள் அதில் இருக்கின்றன. அறை எப்படி ஒலிக்கிறது என்பது டிரம் மட்டும் ஓடும்போதுதான் தெளிவாகக் கேட்கும், உங்களுக்குப் பிடிக்காத அந்த இடத்தில்.

அதிலிருந்து ஆரம்பியுங்கள். முன்னால் தள்ளிவிட்டுக் கேட்டால் எனக்கு எழுத வேண்டாம். தள்ளாமல் கேட்டால், பேஸ் எத்தனையாவது பாரில் நுழைந்தது என்று எண்ணி எழுதுங்கள்.